கீழாநெல்லி மூட்டைக்குள் எத்தனை இனம்?

காவிரிப் படுகையில் நெல் அறுவடை முடிந்ததும் வரப்பிலும் தரிசிலும் கீழாநெல்லி பிடுங்கி, நிழலில் காயவைத்து, மூட்டை போட்டு விற்கிற மகளிர் குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் அனுப்பிய சரக்கு ஒரு தடவை அப்படியே திரும்பி வந்தது. வாங்கிய மருந்து நிறுவனம் ஒரே வார்த்தையில் காரணம் சொல்லியிருந்தது: கலப்படம். கூடவே வந்த ஆய்வகக் குறிப்பில் இரண்டு வரிகள். ஃபில்லாந்தின் என்ற வேதிப்பொருள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. வேறு இனங்கள் கலந்திருக்கின்றன. எந்த இனம், எவ்வளவு என்பதெல்லாம் கிடையாது.

தாவரவியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் மூட்டை என்னிடம் வந்து சேர்ந்தது. குழுத் தலைவிக்குக் கோபம் அடங்கவில்லை. "சார், நாங்க என்ன காசுக்காக வேற செடியைச் சேர்த்தோமா? இலைக்கு அடியில காய் இருக்குல்ல, எல்லாம் கீழாநெல்லிதான்" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி முழு உண்மை. இரண்டாம் பாதிதான் சிக்கல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூட்டையில் இருந்தது கலப்பு, கலப்படம் இல்லை. கலப்படம் என்றால் விலை மலிவான ஒன்றைத் தெரிந்தே சேர்ப்பது. இங்கே சேர்ந்த செடிகள் எதுவும் கீழாநெல்லியைவிட மலிவும் இல்லை, பிடுங்க எளிதும் இல்லை. ஒரே வரப்பில் தோளோடு தோள் நிற்பவை ஒரே கைப்பிடியில் வந்துவிட்டன. ஃபில்லாந்தின் குறைந்ததற்கு இந்தக் கலப்பு ஒரு காரணம். அது மட்டுமே காரணம் இல்லை.

இலைக்கு அடியில் காய் தொங்குவது ஓர் இனத்தின் அடையாளம் இல்லை, ஒரு கூட்டத்தின் அடையாளம். கீழாநெல்லியைக் கையில் எடுத்துப் பார்த்தால் நடுத்தண்டில் பச்சை இலையே இருக்காது, சின்னச் செதில்கள்தான். இலைகளெல்லாம் பக்கக்கிளையில் இரு வரிசையாக அடுக்கியிருக்கும். அந்தக் கிளை பார்ப்பதற்குப் புளியிலை போல ஒரு கூட்டிலையாகத் தெரியும். ஆனால் கூட்டிலையின் சிற்றிலை அடியில் பூ வராது. இங்கே ஒவ்வோர் இலைக் கோணத்திலும், அதாவது இலை கிளையோடு சேரும் இடுக்கிலும், பூ வருகிறது. ஆகவே அது கிளை. செடி வாடும்போது இந்தக் கிளை முழுசாகக் கழன்று விழும். ஃபில்லாந்தஸ் பேரினத்தில் பெரும்பாலான இனங்களுக்கு இந்தக் கிளையமைப்புதான். தமிழ்நாட்டு வயலில், தோட்டத்தில், சாலையோரத்தில் முளைக்கும் சிறுசெடிகளில் பலவற்றுக்கும் இதேதான். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பிகள்.

எல்லோரும் இலையைப் பார்க்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் இலை பாதி வழிதான் கொண்டுபோய் விடும். மண்வளம், நிழல், ஈரம் மாறினால் ஒரே இனத்தின் இலை இரண்டு மடங்கு நீளும். நம்பத் தகுந்தவை வேறு மூன்று: கிளையில் ஆண்பூவும் பெண்பூவும் எந்த வரிசையில் நிற்கின்றன, பூவுக்குப் புல்லிதழ் எத்தனை, விதையின் முதுகில் என்ன கோலம். இந்தப் பூக்களுக்கு அல்லிதழ் கிடையாது. வெள்ளையும் பச்சையுமாகத் தெரிவது புல்லிதழ்தான்.

அசல் சரக்கு என்று கடையும் மருந்து நிறுவனமும் எதிர்பார்ப்பது ஃபில்லாந்தஸ் அமாரஸ். அதன் பக்கக்கிளையை அடியிலிருந்து நுனிக்கு நகர்த்திப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று கோணங்களில் ஆண்பூ மட்டும். அதற்கு மேலே ஒவ்வொரு கோணத்திலும் ஓர் ஆண்பூவும் ஒரு பெண்பூவும் ஜோடியாக நிற்கும். புல்லிதழ் ஐந்து. மூன்று மகரந்தத்தாள்களின் காம்பும் ஒட்டி ஒரே தூணாக இருக்கும். காய் வழவழப்பு. இலை நுனி மழுங்கியிருக்கும். இந்த ஜோடிப்பூ ஒன்றே போதும், ஐந்தில் நான்கு சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஃபில்லாந்தஸ் ஃப்ரேடெர்னஸ், ஃபில்லாந்தஸ் டெபிலிஸ் இரண்டிலும் ஜோடி கிடையாது. கிளையின் அடிப்பக்கம் ஆண்பூக்கள், நுனிப்பக்கம் தனித்தனிப் பெண்பூக்கள். புல்லிதழ் ஆறு. இவை இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதுதான் கொஞ்சம் கண்ணைப் பிடுங்கும் வேலை. டெபிலிஸின் இலை அடியிலும் நுனியிலும் கூராகும். ஃப்ரேடெர்னஸின் இலை ஒடுங்கி நீண்டு, நுனி மழுங்கும். பச்சையாக இருந்தால் இது போதும். காய்ந்து சுருண்டால் போதாது.

ஃபில்லாந்தஸ் யூரினேரியா தலைகீழ். பெண்பூ கிளையின் அடியில், ஆண்பூ நுனியில். காய்க்குக் காம்பே இல்லாதது போலக் கிளையோடு ஒட்டியிருக்கும், மேல்தோல் சொரசொரப்பு. இலை விளிம்பில் விரலை ஓட்டினால் நுண்ணிய மயிர் தட்டுப்படும். தண்டு பெரும்பாலும் சிவந்திருக்கும் என்பதால் சிவப்புக் கீழாநெல்லி என்றும் இதைச் சொல்வதுண்டு. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்; நல்ல வெயிலில் அமாரஸும் கொஞ்சம் சிவக்கும்.

மேலாநெல்லி என்று நாம் சொல்லும் ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ் இவற்றோடு ஒட்டாத செடி. நடுத்தண்டிலேயே முழு இலை இருக்கும், இலை ஆப்பு வடிவம். பச்சைச் செடியில் இதைத் தவறவிட வழியே இல்லை. குழுவில் வயதான ஓர் அம்மா, "அது கரட்டுல வர்றது தம்பி, அதை நாங்க தொட மாட்டோம்" என்று அடித்துச் சொன்னார். மூட்டையில் அது இருந்தது. ஆள் போதாத நாளில் வெளியிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் வாய்க்கால் கரைக்கு மேலே மேட்டுநிலத்திலும் பிடுங்கியிருக்கிறார்கள் என்று பேசும்போது தெரிந்தது. சரி, ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

காய்ந்த மூட்டையில் எப்படிப் பிரிப்பது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இந்த இடத்தில்தான் "பொடியாகிவிட்டது, இனி டிஎன்ஏ பார்த்தால்தான் உண்டு" என்று கையை விரிக்கிறார்கள்.

மேலாக இருக்கும் செடிகளில் கிளை கழலாதவற்றைத் தனியே எடுத்தோம். கொதித்து இறக்கிய நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, பக்கக்கிளைகளை அதில் போட்டு மூடிவைத்தோம். காய்ந்து குறுகிய பூ நீரை இழுத்துக்கொண்டு மறுபடி விரியும். அப்புறம் பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ், இரண்டு ஊசி. ஓர் ஊசியால் காம்பை அழுத்திப் பிடித்து, மற்றொன்றால் புல்லிதழை ஒவ்வொன்றாக விலக்கி எண்ண வேண்டும். ஐந்தா ஆறா என்பதில் முதல் பூவை நம்பக் கூடாது. ஓர் இதழ் உதிர்ந்திருக்கலாம். ஒரு கிளையில் நாலைந்து பூவாவது பார்க்க வேண்டும். காயாகிவிட்ட பெண்பூவிலும் புல்லிதழ் அடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பது பெரிய வசதி. பூ இல்லாவிட்டாலும் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

அடுத்தது மூட்டையின் அடியில் தங்கிய தூசி. வியாபாரிகள் தட்டிக் கொட்டிவிடுவது. உண்மையில் மூட்டையிலேயே அதிகம் பேசுவது அதுதான். கீழாநெல்லிக் காய்க்குள் மூன்று அறை, அறைக்கு இரண்டு விதை. காய் முற்றிக் காயும்போது வெடித்து விதையைச் சிதறும். காயப்போடும் இடத்திலும் மூட்டைக்குள்ளும் அது தொடரும். சல்லடையில் சலித்து, மிஞ்சியதை வெள்ளைத்தாளில் கொட்டி லேசாகச் சாய்த்தால் இலைத்தூள் ஒட்டி நிற்க, விதை உருண்டு கீழே வரும். ஒரு மில்லிமீட்டர் அளவு, ஆரஞ்சுச் சுளை போல மூன்று பக்கம் கொண்ட விதை. வளைந்த முதுகை லென்ஸில் பார்த்தால் அமாரஸுக்கு நீளவாக்கில் ஐந்தாறு வரம்புகள், அவற்றுக்கு நடுவே குறுக்கே மிக மெல்லிய கோடுகள். டெபிலிஸுக்கும் ஃப்ரேடெர்னஸுக்கும் நீளவரம்புதான், எண்ணிக்கை கொஞ்சம் கூடும். ஆகவே இவற்றை விதையால் மட்டும் பிரிக்கத் துணியக் கூடாது. யூரினேரியாவின் விதையோ ஒரே பார்வையில் மாட்டிக்கொள்ளும்: குறுக்கே பன்னிரண்டு பதினைந்து கூர்மையான மடிப்புகள். மேலாநெல்லி விதையில் வரம்பு கிடையாது, வரிசை வரிசையாக நுண்புள்ளி மேடுகள்.

இப்படிப் பார்த்ததில் மூட்டையின் பெரும்பகுதி அமாரஸ். டெபிலிஸ் அங்கங்கே, மேலாநெல்லி சில கைப்பிடி, யூரினேரியா சொற்பம். யூரினேரியா இருப்பதைச் செடியில் யாரும் பார்க்கவில்லை. அடித்தூசியில் கிடந்த விதைதான் காட்டிக்கொடுத்தது.

இது இந்தக் குழுவுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. தென்னிந்தியாவில் 25 கடைகளில் வாங்கிய கீழாநெல்லியை ஆராய்ந்து 2010-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. 76 சதவீத மாதிரிகளில் அமாரஸ் 95 சதவீதத்துக்கும் மேல். மீதியில் டெபிலிஸ், ஃப்ரேடெர்னஸ், யூரினேரியா, மதராஸ்படென்சிஸ், கோழிக்கோடியானஸ் என ஐந்து இனங்கள் கலந்து கிடந்தன. ஆறு இனத்தையும் முதலில் பிரித்தது உருவத்தைக் கண்ணால் பார்க்கும் பழைய முறைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். பசுங்கணிகத்தில் உள்ள ஒரு சிறு டிஎன்ஏ இடைத்துண்டை வாசித்து, அந்தப் பிரிப்பு சரி என்று உறுதி செய்தார்கள். முழுச்செடி இருக்கும்போது டிஎன்ஏவுக்கு ஓடுவது வீண்செலவு என்பது என் கட்சி. அரைத்த சூரணமாக வந்தால் வேறு வழியில்லை, அப்போது அதுதான் துணை.

இனி பெயர்க்கதை. மருந்துக்கடை டப்பாக்களில் இன்றைக்கும் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று அச்சடித்து வருகிறது. நிறுவனத்தின் கொள்முதல் தாளிலும் அதுவே. நிரூரி இந்தியச் செடியே இல்லை!

குழப்பம், செடிகளுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸிடம் தொடங்குகிறது. 1753-இல் நிரூரி என்று பெயர் வைத்தபோது அவர் அமெரிக்கச் செடியையும், கேரளத்துச் செடிகளைப் படத்தோடு விவரித்த ஹோர்ட்டூஸ் மலபாரிக்கூஸில் இருந்த கீழாநெல்லியையும் ஒரே பெயருக்குள் அடக்கினார். அந்த நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. டச்சு ஆளுநர் வான் ரீடின் முயற்சி. லின்னேயஸுக்குப் பின் ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவரத் தொகுப்பும், சென்னை மாகாணத்துக்குக் கேம்பிள் எழுதியதும் நிரூரி என்றே தொடர்ந்தன. அமாரஸ் என்ற பெயர் 1827-இலேயே மேற்கு ஆப்பிரிக்கச் செடியை வைத்து அச்சேறிவிட்டது. ஆனால் இங்கே யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

1950-களில் அமெரிக்கத் தாவரவியலாளர் வெப்ஸ்டர் மேற்கிந்தியத் தீவுகளின் ஃபில்லாந்தஸ் இனங்களை விரிவாக ஆராய்ந்து, நிரூரி அமெரிக்கக் கண்டத்துக்கு மட்டும் உரியது என்று வரையறுத்தார். ஃப்ரேடெர்னஸுக்குப் பெயர் வைத்தவரும் அவரே, 1955-இல். பின்பு 1985-இல் மித்ராவும் ஜெயினும் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் இதழில் விஷயத்தை உடைத்தார்கள்: இந்திய நூல்கள் நிரூரி என்று எழுதியது உண்மையில் அமாரஸ், ஃப்ரேடெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்றின் கூட்டு. அதாவது இருநூறு வருஷத்துக்கு மேலாக மூன்று செடிகளுக்கு நான்காவது செடியின் பெயர். மெய்யான நிரூரியில் மகரந்தத்தாள்கள் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும், விதை முதுகில் வரம்புக்குப் பதில் சிறு பருக்கள். அப்படி ஒன்று நம் வரப்பில் கிடைப்பதில்லை.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அமாரஸின் சொந்த ஊரும் அமெரிக்க வெப்பமண்டலம்தான் என்பது வெப்ஸ்டரின் கருத்து. இன்றைய பட்டியல்களும் அதையே ஏற்கின்றன. கடல் வணிகத்தோடு உலகம் சுற்றிய களை. அப்படியானால் ஐரோப்பியக் கப்பல்கள் வருமுன் நம் வைத்தியர்கள் காமாலைக்குப் பிடுங்கிய கீழாநெல்லி எது? டெபிலிஸாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அது மண்ணின் செடி. பழைய வைத்தியப் பாடல்களில் வரும் வர்ணனையை வைத்து இதை நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தச் செடியைக் 'கலப்படம்' என்று திருப்பி அனுப்புவதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

பெயர் தப்பினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க்கின் ஃபிலடெல்ஃபியா குழு 1987-இல் கீழாநெல்லிச் சாறு பற்றி வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் இருந்தது நிரூரி. அடுத்த வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன், ப்ளம்பெர்க் உள்ளிட்டோர் லான்செட் இதழில் வெளியிட்டதில் அமாரஸ். கிருமியை உடலில் தாங்கி நிற்பவர்களுக்கு 200 மில்லிகிராம் பொடி, தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து, கிருமி இருப்பதைக் காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது என்றும், போலிமருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது என்றும் முடிவு வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சீனத்தில் 1995-இல் அமாரஸ், நிரூரி, யூரினேரியா என்று மூன்றைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் யூரினேரியாவே மேல் என்று வந்தது. 2011-இல் எல்லாவற்றையும் அலசிய காக்ரேன் மதிப்பாய்வு, பலன் உண்டு என்று நம்பத்தக்க சான்று இல்லை என்று சொன்னது.

தோல்விக்கெல்லாம் இனக்குழப்பமே காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். அவ்வளவு எளிதாகத் தப்பிக்க முடியாது. தாய்லாந்தில் கொடுத்ததும் அமாரஸ்தான். ஆனால் பழைய கட்டுரைகளில் எந்தச் செடியை அரைத்தார்கள் என்று தெரியாமல் ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாமல் போனது நிஜம். அந்தச் செடியின் ஒரு மாதிரியை அழுத்தி உலர்த்தி ஹெர்பேரியம் எனும் உலர்தாவரச் சேகரத்தில் எண்ணோடு வைத்திருந்தால், இன்றைக்கும் எடுத்துப் புல்லிதழ் எண்ணிவிடலாம்.

மூட்டைக்குத் திரும்புவோம். ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் இரண்டும் அமாரஸில் மட்டுமே கிடைத்தன, ஃப்ரேடெர்னஸிலும் மதராஸ்படென்சிஸிலும் இல்லை என்று லக்னோ தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் 2006 ஒப்பீடு காட்டியது. ஆக, மேலாநெல்லி கலந்தால் அளவு குறையும். ஆனால் எங்கள் மூட்டையில் அது கொஞ்சம்தான். மீதிக் குறைவுக்கு வேறு காரணம் கண் முன்னாலேயே இருந்தது: தண்டு அதிகம், இலை குறைவு. இந்தப் பொருள் பெரும்பாலும் இலையில்தான் இருக்கிறது. கிளை கழன்று விழும் செடி என்று முன்பே சொன்னேன். நன்றாக மொறுமொறுவென்று காயவிட்டு, நடுப்பகலில் அள்ளி மூட்டை கட்டினால் இலையில் பாதி களத்திலேயே தங்கிவிடும். நிறுவனத்துக்குப் போனது விறகு. வாங்குபவர் எடைக்குத்தானே காசு கொடுக்கிறார், ஈரம் இருந்தால் பிடித்தம் செய்கிறார். பெண்கள் ஏன் கூடுதலாகக் காயவைக்க மாட்டார்கள்?

குழுவோடு உட்கார்ந்து சில மாற்றங்களைப் பேசினோம். பிடுங்கும்போதே பிரிப்பது, காய்ந்த பிறகு இல்லை. கையில் எடுத்ததும் ஒரு பக்கக்கிளையைத் திருப்பி, நடுவில் உள்ள இலைக்கு அடியில் காயோடு ஒரு குட்டிப் பூவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. காய் காம்பில்லாமல் ஒட்டியிருந்தால் ஒதுக்குவது. நடுத்தண்டில் இலை இருந்தால் ஒதுக்குவது. இலை இரு முனையும் கூராக இருந்தால் தனிக்கட்டு. மாலையில் பிடுங்க வேண்டாம் என்றும் சொன்னேன், பொழுது சாய்ந்தால் இலை மடங்கிக்கொள்ளும், இலை வடிவம் தெரியாது. அந்த வயதான அம்மாவுக்கு லென்ஸ் தேவைப்படவே இல்லை. யூரினேரியாவை விரலால் தடவியே எடுத்துப் போட்டார். இளையவர்கள் ஜோடிப்பூவைத் தேடக் கொஞ்சம் திணறினார்கள், பிறகு பழகிவிட்டது. தார்ப்பாயில் காயவைத்து, கழன்ற கிளையையும் இலையையும் தனிச் சாக்கில் கட்டி மூட்டையோடு சேர்த்தனுப்புவது என்றும் முடிவானது.

நிறுவனத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். கொள்முதல் தாளில் நிரூரி என்பதை அமாரஸ் என்று திருத்தவும். 'கலப்படம்' என்பதை நீக்கி, கலந்த இனத்தின் பெயரையும் அளவையும் குறிப்பிடவும். தண்டுக்கும் இலைக்கும் தனி விலை வைக்கவும். மூன்றாவதற்கு இன்னும் பதில் இல்லை. முதலாவதைத் திருத்திவிட்டார்கள்.

திருத்திய பெயரும் நிலைக்குமா என்று கேட்டால், அதுவும் ஆட்டம் காண்கிறது. ஃபில்லாந்தஸ் பேரினம் மரபணு உறவின்படி ஒரே கொடிவழி இல்லை என்று 2022-இல் அதைப் பல பேரினங்களாகப் பிரித்து ஒரு வகைப்பாடு வெளிவந்தது. அதன்படி பெருநெல்லி எம்பிளிகாவுக்குத் திரும்புகிறது, அமாரஸ் மோயெரோரிஸ் என்ற பேரினத்துக்குப் போகிறது. ஃபில்லாந்தஸ் என்ற பெயரைத் தக்கவைத்துக்கொள்வது, எல்லாக் குழப்பத்துக்கும் காரணமான அந்த அமெரிக்க நிரூரிதான். எல்லோரும் இதை ஏற்றுவிடவில்லை. மருந்து நூல்கள் மாற இன்னும் காலம் பிடிக்கும். புல்லிதழ் ஐந்து, ஜோடிப்பூ, விதையில் நீளவரம்பு என்று மாதிரித்தாளில் எழுதிவைத்தால் எந்தப் பெயர் வந்தாலும் கவலையில்லை என்பதால், எங்கள் தாள்களில் பெயருக்குக் கீழே அந்த வரியையும் சேர்த்து எழுதுகிறோம். மூட்டையிலிருந்து எடுத்த சில கிளைகள் மட்டும் இலை சுருண்டு, பூவும் உதிர்ந்து போயிருந்தன. அவை டெபிலிஸா ஃப்ரேடெர்னஸா என்று சொல்ல முடியவில்லை. அந்தத் தாள்களில் 'ஃபில்லாந்தஸ், ஆறு புல்லிதழ்' என்பதோடு நிறுத்திவிட்டோம்.